பெட்டிக்குள் இன்னொரு பெயர்

என் அடையாள அட்டையை அவர் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல முன்னும் பின்னும் திருப்பி. அட்டையில் இருந்த படத்தில் எனக்கு மீசை இல்லை, நேரில் இருந்தது. அது ஏன் என்று கேட்டார். பிறகு எங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டார். அட்டையில் அச்சிட்டிருந்த எண்ணுக்குப் போடவில்லை. இணைய இணைப்புக்கு எழுதிக் கொடுத்த அன்று தனக்குக் கிடைத்த ரசீதை உள்ளேயிருந்து எடுத்து வந்து, அதிலிருந்த எண்ணுக்குப் போட்டார். இந்தப் பெயரில், இந்த உயரத்தில், இடது புருவத்தில் தழும்போடு ஓர் ஆள் உங்களிடம் வேலை பார்க்கிறாரா என்று விசாரித்தார். அதுவரை நான் ஏணியும் வயர்ச் சுருளுமாக வாசலில் நின்றேன். எனக்கு எரிச்சலாக இருந்தது. போலி அட்டை அடிக்கிறவன் போலி எண்ணையும் சேர்த்து அடித்திருப்பான் என்பது வீட்டுக்குத் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது.

தெருவில் அவரை டைப்பிஸ்ட் அம்மா என்பார்கள். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பது வருஷத்துக்கு மேல் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருவில், அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருந்தார். நியூசிலாந்தில் நர்ஸாக வேலை பார்க்கும் தங்கை மகள் ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பியிருந்தாள். அவளோடு முகம் பார்த்துப் பேசத்தான் இணைப்பு. நான் அப்போது லைன்மேன். எங்கள் முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். நாலைந்து தெருக்களுக்குக் கேபிள் டிவி கொடுத்துக்கொண்டிருந்தவர், பிறகு அதே கம்பங்களில் இணைய வயரும் இழுத்தார். என் அப்பா உப்பளத்தில் கால் முறிந்து படுத்த வருஷம், டிப்ளமோவை முடிக்காமல் நின்ற என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர் அவர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வயரை உள்ளே இழுத்தபோது அம்மா கேள்விகளை ஆரம்பித்தார். "இதுக்குள்ள கரண்டா வருது?" இல்லை, வெளிச்சம் வருகிறது, உள்ளே தலைமுடி கனத்துக்கு ஒரு கண்ணாடி இழை இருக்கிறது என்றேன். அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எங்கள் அலுவலகத்துக்கு யார் கொடுக்கிறார்கள், அவர்களுக்கு யார் என்று கடலுக்கு அடியில் கிடக்கும் வயர் வரைக்கும் கேட்டார். நான் சுவரில் மாட்டிய பெட்டியைக் காட்டி, இதுதான் வெளிச்சத்தை உங்கள் டேப்லெட்டுக்குப் புரிகிற மாதிரி மாற்றி, வயர் இல்லாமல் காற்றில் விடுகிறது என்றேன். வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் பெட்டி ஓர் உள் எண் கொடுக்கும். வெளியே போகும்போது மட்டும் எல்லாம் ஒரே எண்ணில் போகும். பதில் திரும்பி வந்தால், யார் கேட்டது என்று நினைவு வைத்திருந்து பிரித்துக் கொடுக்கும்.

"எங்க டெஸ்பாட்ச் செக்ஷன் மாதிரி," என்றார் அம்மா. "பத்துப் பேரு பத்துக் கடுதாசி எழுதினாலும் கவர்ல ஆபீஸ் விலாசம் ஒண்ணுதான். பதில் வந்தா டெஸ்பாட்ச் கிளார்க் அவங்கவங்க மேசைக்குப் பிரிச்சுக் குடுப்பான்."

டிப்ளமோ வகுப்பில் இரண்டு வாரம் நடத்தியும் எனக்கு ஒழுங்காகப் புரியாத பாடம் அது. ஆச்சரியத்தோடு தலையாட்டினேன். அவர் அதோடு விடவில்லை.

"அப்போ உள்ள இருந்து எவனாவது தப்பா ஒரு கடுதாசி போட்டாலும், வெளிய எங்க விலாசம்தான தெரியும்?"

"ஆமாம்மா. ஆனா உங்க வீட்டுல நீங்க ஒருத்தர்தான இருக்கீங்க?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மூன்று நான்கு மாதம் ஒன்றும் இல்லை. அதன்பிறகு போன் வர ஆரம்பித்தது. டேப்லெட்டை அணைத்துவிட்டேன், கைப்பேசியையும் அணைத்துவிட்டேன், ஆனாலும் பெட்டியில் விளக்கு படபடவென்று மினுக்குகிறதே, யாருக்காக மினுக்குகிறது என்று கேட்டார். அது சும்மா மினுக்கும் என்றேன். பெட்டியும் அலுவலகமும் இருக்கிறாயா, இருக்கிறேன் என்று ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே இருக்கும், அதற்கு ஒரு மினுக்கு. நான் சொன்னது பொய் இல்லை. எந்த லைன்மேனும் அதைத்தான் சொல்வான். ஆனால் அவர் மறுபடி மறுபடி கூப்பிட்டார். எங்கள் அலுவலகத்தில் அவர் எண் வந்தாலே சிரிப்பு கிளம்பும். "அந்தம்மாவுக்கு வேற சோலி இல்ல. ஒத்தையில இருந்தா இப்படித்தான் புத்தி போகும்," என்பார் அண்ணாச்சி. நானும் சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் நேரில் போனபோது கோடு போட்ட நோட்டு ஒன்றைக் காட்டினார். தேதி, நேரம், மினுக்கும் வேகம் என்று கட்டம் கட்டி எழுதியிருந்தார். மெதுவாக மினுக்கினால் ஒரு புள்ளி, வேகமாக மினுக்கினால் மூன்று. காலை பத்தரையிலிருந்து ஒரு மணி வரைக்கும் மூன்று புள்ளி. மூன்று மணியிலிருந்து ஆறுக்குள் மூன்று புள்ளி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நாள் முழுக்க ஒன்று.

"பெட்டி ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போவுதாக்கும்?" என்று கேட்டார். "எவனோ ஆபீஸ் நடத்துதான் தம்பி. காலைல பதினோரு மணிக்கு ஒருநாள் வந்து பாரு."

பதினோரு மணிக்கு எனக்கு வேறு தெருக்களில் வேலை இருக்கும். மறுநாள் மாலை ஆறரைக்குப் போனேன். என் கைப்பேசியில் பெட்டியின் பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைக் காட்டினேன். அவருடைய கைப்பேசியும் டேப்லெட்டும் என் கைப்பேசியும்தான் இருந்தன. பாருங்கள், வேறு யாருமே இல்லை என்றேன். அவருடைய மனத்திருப்திக்காக வைஃபை கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்தேன். அப்போது அவர் வேறொன்று கேட்டார். பெட்டிக்குள் போய் இதையெல்லாம் மாற்றுவதற்கு நீ ஒரு கடவுச்சொல் போட்டாயே, அது யாரிடம் இருக்கிறது? ஆபீசில் இருக்கும், எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான், சர்வீஸுக்கு வசதி, அங்கிருந்தே உள்ளே போய்ச் சரிசெய்துவிடுவோம் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியது.

"ஊருக்கெல்லாம் ஒரே சாவியா? அதை மாத்து."

"அண்ணாச்சி ஒத்துக்க மாட்டாரும்மா."

"நீ கேட்டுப் பாத்தியா?"

நான் கேட்கவில்லை. கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து, போனால் தண்ணீர் தருவார், ஆனால் எப்போது வந்தேன், எப்போது கிளம்பினேன் என்பதையும் அந்த நோட்டில் எழுதிக்கொள்வார். அதை மறைக்கவும் மாட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவர் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. வேறு மாவட்டத்திலிருந்து வந்த சைபர் பிரிவு எஸ்.ஐ. ஒருவரும் ஒரு பெண் காவலரும் இறங்கினார்கள். வெளிநாட்டுக் கப்பலில் வேலை வாங்கித் தருவதாக மின்னஞ்சல் அனுப்பி, சான்றிதழ்களையும் முன்பணத்தையும் வாங்கிக்கொண்டு ஏமாற்றிய வழக்கு. ஏமாந்த பையன்களில் ஒருவன் பூச்சிமருந்து குடித்துப் பிழைத்திருந்தான். அந்த மின்னஞ்சல்கள் எந்த எண்ணிலிருந்து போயின என்று தேடிக்கொண்டு வந்ததில், அது டைப்பிஸ்ட் அம்மாவின் இணைப்பில் முடிந்திருந்தது. கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்தவர் என்பது வேறு சேர்ந்துகொண்டது. டேப்லெட்டையும் கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு, மறுநாள் மாலை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார்கள். தெருவே வெளியில் வந்து பார்த்தது.

அன்று மாலை என்னையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். பெட்டியின் சாவி உள்ள ஆள் என்று அம்மாதான் என் பெயரைச் சொல்லியிருந்தார். நோட்டில் நான் வந்துபோன நேரமெல்லாம் இருந்தது. எஸ்.ஐ. மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினார். நான் சொன்ன ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டார். வெளியே வந்ததும் அண்ணாச்சியிடமிருந்து போன்.

"என்னல கேட்டாங்க?"

சொன்னேன்.

"நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு. அந்தம்மா வீட்டுக்கு யாரு யாரோ வாராங்க போறாங்க, அத விசாரிங்கன்னு சொல்லு. தேவையில்லாம வாயக் குடுத்துறாத."

அந்த வீட்டுக்கு யாரும் வருவதில்லை என்பது எனக்குத் தெரியும். பால்காரரைக்கூட கேட்டுக்கு வெளியேதான் நிறுத்துவார். அண்ணாச்சிக்கும் அது தெரியும், அதைச் சொல்லித்தான் அவர் சிரிப்பார். பைக்கைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு அம்மா வீட்டுக்குப் போனேன். அவர் என்னை உள்ளே விட்டதே பெரிது. நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "திரையில என்ன வருதோ எல்லாத்தையும் சத்தமா வாசி," என்றார். வாசித்தேன். பட்டியலில் என் கைப்பேசியோடு ஐந்து கம்ப்யூட்டர்கள் இருந்தன. கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறோமே, எப்படி உள்ளே வந்தார்கள்? அம்மா அதையேதான் கேட்டார். அமைப்புப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்துக்கொண்டே போனேன். வைஃபை பக்கத்தில் முதல் பெயர் அம்மாவுடையது. அதற்குக் கீழே இரண்டாவதாக ஒரு பெயர் இருந்தது. வெறும் எழுத்துகளும் எண்களும். யாருடைய கைப்பேசியிலும் தென்படாதபடி மறைத்து வைத்த பெயர், தனிக் கடவுச்சொல்லோடு. ஒரே பெட்டி இரண்டு பெயரில் வைஃபை கொடுக்க முடியும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. அந்தப் பக்கத்தை நான் ஒருநாளும் கீழே வரைக்கும் தள்ளிப் பார்த்ததில்லை. முதல் பெயருக்குத்தான் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்தேன். இரண்டாவது வாசல் திறந்தபடியே கிடந்திருக்கிறது.

இரண்டாவது பெயரை வைக்க பெட்டியின் சாவி வேண்டும். அது என்னிடம் இருந்தது, அண்ணாச்சியிடம் இருந்தது. நான் வைக்கவில்லை.

திரையைப் படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் பெயரையும் அதன் கடவுச்சொல்லையும் என் கைப்பேசியில் போட்டு இணைத்துக்கொண்டு வெளியே நடந்தேன். பக்கத்துக் கட்டடத்தின் மாடிப்படியில் ஏறியபோதும் சிக்னல் முழுசாக இருந்தது. முதல் மாடியில் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஏசி ஓடியது. காதில் ஹெட்போன் மாட்டிய ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து இந்தியிலும் தமிழிலும் பேசிக்கொண்டிருந்தார்கள். சுவரில் பெரிய கப்பல் படம். அந்த ஆபீஸ்காரர்கள் எங்களிடம் லைன் கேட்டதும், அந்தக் கட்டடத்துக்கு வயர் இழுக்க அனுமதி கிடைக்காமல் அண்ணாச்சி திண்டாடியதும் எனக்கு நினைவு வந்தது. பிறகு அதைப்பற்றி அவர் பேசவே இல்லை. வேறு கம்பெனியில் வாங்கிக்கொண்டார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

அடுத்து நான் செய்தது இன்றுவரைக்கும் என்னை விடவில்லை. நேராக ஸ்டேஷனுக்குப் போயிருக்க வேண்டும். படியை விட்டு இறங்கி, கட்டட நிழலில் நின்று அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். சோறு போட்ட மனுஷன், தானாகப் போய்ச் சொல்லிவிட்டால் அவருக்கும் பாதி பாரம் குறையும் என்று நினைத்தேன். நான் பார்த்ததையெல்லாம் அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஒரு மாசத்துக்குன்னுதாம்ல குடுத்தேன். அந்தம்மா எவ்வளவுதான் உபயோகிக்கா? மிச்சம் கெடந்து வீணாத்தானே போவுது? அவனுங்க உள்ள என்ன செய்யுதானுங்கன்னு எனக்கு எப்படிலே தெரியும்?" என்றார். "நீ வீட்டுக்குப் போ. நான் பாத்துக்கிடுதேன்."

நான் வீட்டுக்குப் போகவில்லை. சாப்பிடாமல் ஹார்பர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே பைக்கை ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்கு மேல்தான் ஸ்டேஷனுக்குப் போய் எஸ்.ஐ.யிடம் படத்தைக் காட்டினேன். அப்போதுதான் அவர் ஒன்று சொன்னார். இந்த எண் யாருடையது என்று மூன்று வாரத்துக்கு முன்பே எங்கள் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். டைப்பிஸ்ட் அம்மாவின் பெயரையும் விலாசத்தையும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் அண்ணாச்சி. அந்த இணைப்பில் இன்னொரு ஆபீஸ் தொங்குகிறது என்பது தெரிந்தே கொடுத்திருக்கிறார்.

ஜீப்பில் அவர்களோடு நானும் போனேன். முதல் மாடிக் கதவு பூட்டியிருந்தது. கட்டட உரிமையாளரை வரவழைத்துத் திறந்தபோது நாற்காலிகளும் கப்பல் படமும் இருந்தன. கம்ப்யூட்டர் ஒன்றுகூட இல்லை. குடித்து முடிக்காத டீ ஒரு கப்பில் இருந்தது. அம்மா வீட்டுப் பெட்டியின் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது இரண்டாவது பெயரும் அழிக்கப்பட்டிருந்தது. மிஞ்சியது நான் எடுத்த படமும் அம்மாவின் நோட்டும். நோட்டில் மூன்று புள்ளி விழுந்த நேரங்களும் அந்த மின்னஞ்சல்கள் போன நேரங்களும் நாள் தவறாமல் பொருந்தின. மாலையில் ஸ்டேஷனில் பெண் காவலர் விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு, எழுந்து நின்று அம்மாவிடம், "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா," என்றார்.

பின்னால், அந்த ஆபீஸ் ஆட்களில் இரண்டு பேர் வேறொரு ஊரில் பிடிபட்டதாகக் கேள்விப்பட்டேன். மற்றவர்கள் கிடைக்கவில்லை. அண்ணாச்சி மீதும் வழக்கு வந்தது. ஜாமீனில் வந்ததும் தொழிலை வேறொருவருக்குக் கைமாற்றிவிட்டு, உடன்குடிப் பக்கம் மாமனார் ஊருக்குப் போய்விட்டார். எனக்கு வேலை போனது. அவர் அந்த ஆட்களுக்குத் தகவல் சொன்னாரா, அல்லது பயந்துபோய்ப் பெயரை மட்டும் அழித்தாரா, அவர்கள் மாடிப்படியில் என்னைப் பார்த்துத் தாங்களே ஓடினார்களா என்று எனக்கு இன்றும் தெரியாது. அண்ணாச்சியை நல்லவராக நினைக்க ஆசைப்படும் நாளில் அந்தக் கையெழுத்து நினைவுக்கு வந்துவிடும்.

டேப்லெட் திரும்பக் கிடைத்த வாரம் அம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். காபி கொடுத்தார். தன் வேலைக் காலத்துக் கதை ஒன்றைச் சொன்னார். அவர் அலுவலகத்தில் ரகசிய விலைப்புள்ளி ஒன்று வெளியே கசிந்தது. அடித்தவர் அவர், ஆகவே சந்தேகம் அவர்மேல். எட்டு மாதம் மெஷினைப் பிடுங்கிக்கொண்டு பழைய கோப்புகள் கிடக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். அந்த மின்சாரத் தட்டச்சில் ரிப்பன் ஒருமுறைதான் ஓடும், அடித்த எழுத்தெல்லாம் அதில் வரிசையாக நிற்கும். குப்பையில் போட்ட ரிப்பனை எடுத்து வாசித்தவன் மேனேஜரின் சொந்தக்காரன் என்று பிறகு தெரிந்தது. மறுபடி மெஷினைக் கொடுத்தார்கள். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அடிச்சது நானு. வாசிச்சது எவனோ. மாட்டினது நானு," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அன்னைக்கு நீ போலீசுக்குப் போறதுக்கு முன்னால வேற யாருக்காவது போன் பண்ணினியா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"அண்ணாச்சிக்குப் பண்ணினேம்மா."

அவர் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் திரும்பி வரவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டார். வேறு கம்பெனியில் இணைப்பு வாங்கியிருந்தார், ஆள் வருகிறான், நீ பக்கத்தில் இருந்து பார் என்றார். வந்தவன் என் வயதுக்காரன். வேலையைச் சுத்தமாகச் செய்தான். கடைசியில், "பெட்டிக்குள்ள போற பாஸ்வேர்டு எங்ககிட்டயே இருக்கட்டும்மா, சர்வீஸுக்கு வசதி," என்றான், நான் சொன்ன அதே வார்த்தைகளில். அம்மா என்னைப் பார்த்தார். வேண்டாம், அதை அவரே மாற்றிக்கொள்ளட்டும், ஆபீசிலிருந்து உள்ளே வரும் வசதியையும் மூடிவிடு என்றேன். எந்தப் பக்கத்தில் மாற்ற வேண்டும், இரண்டாவது பெயர் எங்கே ஒளிந்திருக்கும் என்று டேப்லெட்டில் காட்டினேன். அவர் இரண்டு தடவை செய்து பார்த்துக்கொண்டார்.

"சரி, ரெண்டு பேரும் வெளிய நில்லுங்க," என்றார்.

அந்த லைன்மேன் என்னைப் பார்த்தான். நான் முதலில் இறங்கினேன், அவன் பின்னால் வந்தான். கதவைச் சாத்தி உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்டது. நல்ல வெயில். துறைமுகப் பக்கமிருந்து உப்புக் காற்று அடித்தது. "உங்களையுமா?" என்று கேட்டான் அவன். ஆமாம் என்றேன். பத்து நிமிஷம் நின்றிருப்போம். அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. உள்ளே ஒருவர் சரியாக வேலை செய்துகொண்டிருக்கிறார் என்ற நிம்மதிதான் இருந்தது.

டைப்பிஸ்ட் அம்மா போன வருஷம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, தங்கையோடு இருக்க நாசரேத்துக்குப் போய்விட்டார். நான் இப்போது வேறொரு நிறுவனத்தில் வீடு வீடாகப் பெட்டி மாட்டுகிறேன். வேலை முடிந்ததும் கடவுச்சொல்லை நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள், நான் வெளியே நிற்கிறேன் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். சிரிக்கிறார்கள். பூட்டுத் திறந்த கைப்பேசியை அப்படியே என் கையில் திணித்து, "நீங்களே ஏதாவது போட்டுருங்கண்ணாச்சி, எங்களுக்கு என்ன தெரியும்," என்கிறார்கள். என் அட்டையைக்கூட யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை. அடுப்பில் ஏதோ கொதிக்கிறது என்று உள்ளே போய்விடுகிறார்கள். அவர்கள் வீட்டுக் கூடத்தில், அவர்களுடைய படங்களும் வங்கிச் செய்திகளும் பிள்ளைகளின் முகங்களும் உள்ள கைப்பேசியோடு நான் தனியாக நிற்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.